மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுக்கலாமா? ஓட்டுநர்களுக்கு ஒரு மருந்தாளுநரின் வழிகாட்டி

நாமக்கல்லில் சேலம் – கரூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்டியரிங் பிடித்துப் பிழைப்பவர்கள்: லாரி, டேங்கர், முட்டை வண்டி, கால் டாக்சி, ஆட்டோ. மழைக்காலம் வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "தம்பி, சளி, காய்ச்சல், உடம்பு வலி. ஒரு செட் மாத்திரை குடுங்க." வாங்கிய இடத்திலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து விழுங்கிவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

குடித்துவிட்டு ஓட்டாதே என்று ஊர் முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. அதனால், புதிதாக ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர்களுக்கும், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்து இப்போது புதிதாக ஒரு மருந்தைத் தொடங்குகிறவர்களுக்கும் கடையில் தினமும் வாய்வழியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். இரு சக்கர வாகனத்தில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவர்களும் இதில் அடக்கம்.

"எனக்குத் தூக்கமே வரலையே"

இதை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை என்னைக் குளவி கொட்டியது. கை வீங்கி ஒரே அரிப்பு. இரவு பத்து மணிக்குக் குளோர்பெனிரமின் என்ற பழைய வகை அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டேன். அரிப்பு அடங்கவில்லை, இரண்டு மணிக்கு இன்னொன்று. காலை ஆறரைக்குக் குளித்து, காபி குடித்து, கடை திறக்க வண்டியில் கிளம்பினேன். கொட்டாவி இல்லை, கண் எரிச்சல் இல்லை, தலை பாரம் இல்லை. வழியில் சாலைப் பணிக்காக ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த இரும்புத் தடுப்பு. நான் அதைப் பார்த்தேன். "தடுப்பு இருக்கிறது" என்று மனதில் பட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கால் பிரேக்குக்குப் போவதற்குள் முன்சக்கரம் அதில் மோதிவிட்டது. முழங்கை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. மருந்து படித்தவன், அந்த மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுப்பவன், நானே காலையில் அது உடம்பில் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். தூக்கம் கலைந்துவிட்டதால் மருந்தும் வெளியேறிவிட்டது என்று ஆகாது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் வேலையில் ஹிஸ்டமின் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. அரிப்பையும் மூக்கொழுகலையும் நிறுத்துவதற்காக நாம் அதைத் தடுக்கிறோம். பழைய வகை அலர்ஜி மருந்துகள் மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் தடுத்துவிடுகின்றன.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்த முடிவு வெளியானது. 40 பேர். அதே ஆட்களை வெவ்வேறு நாட்களில் மது, டைபென்ஹைட்ரமின் என்ற பழைய அலர்ஜி மருந்து, ஃபெக்ஸோஃபெனடின் என்ற புதிய அலர்ஜி மருந்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்து, சிமுலேட்டரில், அதாவது நிஜச் சாலை போலவே காட்டும் இயந்திரத்தில், ஓட்டச் சொன்னார்கள். முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஓட்டுவதில் மது குடித்த நாளைவிட டைபென்ஹைட்ரமின் சாப்பிட்ட நாளில்தான் மோசமாக ஓட்டினார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: "எனக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது" என்று அவர்களே சொன்னதை வைத்து, அவர்கள் எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை.

அதாவது, தூக்கம் வந்தால் நிறுத்திக்கொள்வேன் என்று நினைப்பதில் பயனில்லை. கை, கண், கவனம் எல்லாம் அதற்கு முன்பே தளர்ந்திருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் 8 மீட்டர் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும். பள்ளிக்கூட வாசலில் 8 மீட்டர் என்றால் என்ன என்று ஒரு முறை அடி வைத்து நடந்து பாருங்கள்.

முதல் வேலை: மாத்திரைக்குப் பெயர் தெரிய வேண்டும்

"செட் மாத்திரை" வாங்கும் பழக்கத்தை விடுங்கள். நான்கு அட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். கத்தரித்த துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும். மீதிப் பெயர் முன்னால் வாங்கியவரோடு போயிருக்கும். காலாவதித் தேதி இருக்காது. அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்திருந்தால் அதுவும் வெட்டுப்பட்டிருக்கும். அந்தச் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம்.

ஒரு முழு அட்டை வாங்குங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும், முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை அல்ல. சளிக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமின் சேர்ந்தே இருக்கும். "வெறும் காய்ச்சல் மாத்திரைதானே" என்று நினைத்துப் போடுவதில் தூக்கம் தருவதும் ஒளிந்திருப்பது இப்படித்தான்.

பெயரின் கடைசியில் வரும் இரண்டு எழுத்தும் முக்கியம். மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரைகள் பல கம்பெனிகளில் வருகின்றன. பொதுவாக "எல்சி" என்று முடிந்தால் லெவோசெட்ரிசின், "எஃப்எக்ஸ்" என்று முடிந்தால் ஃபெக்ஸோஃபெனடின். முதலாவது பலருக்குத் தூக்கம் தரும், இரண்டாவது மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். அட்டை பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஓட்டுநருக்கு இந்த இரண்டு எழுத்தில் இருக்கும் வித்தியாசம் பெரியது. நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், "நான் வண்டி ஓட்டுபவன், தூக்கம் தராத வகை எனக்கு ஒத்துவருமா?" என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். பல நேரம் மருத்துவருக்கு உங்கள் தொழில் என்னவென்றே தெரிந்திருக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்தெந்த மருந்தில் கவனம் வேண்டும்

அலர்ஜி, சளி மருந்துகளைச் சொல்லிவிட்டேன். செட்ரிசின் தூக்கம் தராது என்று சிலர் நம்புகிறார்கள். பழையவற்றைவிடக் குறைவு என்பது சரி, ஆனால் பத்தில் ஒருவருக்காவது தரும். அந்த ஒருவர் நீங்களா இல்லையா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இருமல் டானிக்கிலும் பெரும்பாலும் இதே வகை மருந்து கலந்திருக்கும். கோடீன் சேர்ந்தது என்றால் அது ஓபியம், அதாவது அபின் வழி வந்தது. பயண வாந்திக்குப் போடும் மாத்திரைகளும் பெரும்பாலும் பழைய அலர்ஜி மருந்துகளின் குடும்பம்தான். மலைப்பாதையில் ஓட்டப் போகிறவர் குமட்டலுக்குப் பயந்து அதைப் போட்டுக்கொண்டு கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு ஏறக் கூடாது. அது பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கான மாத்திரை.

ஓட்டுநர்கள் அதிகம் வாங்குவதும், மிகக் குறைவாகச் சந்தேகப்படுவதும் முதுகுவலி மாத்திரை. பத்து மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும், வாஸ்தவம்தான். ஆனால் வலி மருந்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள்: டிசானிடின், குளோர்சோக்ஸசோன் போன்றவை. டிசானிடின் தூக்கத்தைத் தருவதோடு ரத்த அழுத்தத்தையும் இறக்கும். வண்டியிலிருந்து இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். வலி இன்னும் கடுமையாக இருந்தால் எழுதும் டிராமடால் ஓபியம் போலவே வேலை செய்வது. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின் இரண்டும் தலைச்சுற்றல் தரும். இவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன, அதனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் தேங்கும். ஒற்றைத் தலைவலிக்குக் குறைந்த அளவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இந்த வரிசையில் வரும்.

தூக்க மாத்திரையும் பதற்ற மாத்திரையும் தனி. டயஜிபாம் உடம்பை விட்டுப் போக நாட்கணக்கில் ஆகும். தினம் ஒன்று போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். சோல்பிடெம் சீக்கிரம் போய்விடும் என்ற பெயர் எடுத்தது. ஆனால் 2013 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ஆபத்தான அளவு ரத்தத்தில் இருக்கிறது என்பதே காரணம். அதே ஆண்டு மே மாதம், மெதுவாகக் கரையும் வகையைச் சாப்பிட்டவர்கள் ஆணோ பெண்ணோ மறுநாள் வண்டியே ஓட்டக் கூடாது என்றும் எச்சரித்தது. இரவில் தூக்க மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண் பரிசோதனைக்குக் கண் பாப்பாவை விரிக்க ஊற்றும் சொட்டு மருந்தை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. அதன் பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும், எதிரே வரும் ஹெட்லைட் பூப்பூவாக விரியும். பரிசோதனைக்குப் பேருந்தில் போங்கள். என்டோஸ்கோபி, பல் சிகிச்சை என்று மயக்க ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரம் சாவியைத் தொடக் கூடாது. உடன் ஆள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கோபித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வது சரி.

ஆயுர்வேத அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்பவை, 12 சதவீதம் வரை ஆல்கஹால் இயல்பாகவே உருவாகியிருக்கும். 15, 30 மில்லி குடித்தால் போதை ஏறாது. ஆனால் குடித்த கையோடு சோதனைக் கருவியில் ஊதினால் வாயில் தங்கியதை அது காட்டும். அதை வீட்டுக்கு வந்து குடிக்கலாமே.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு

இங்கே ஆபத்து தூக்கம் அல்ல, சர்க்கரை தாழ்ந்து போவது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமெப்பிரைட், கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது நடக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் அபூர்வம். வழக்கமாக நடப்பது இதுதான்: காலை ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுவிடுவார், எட்டு மணிக்கு இட்லி சாப்பிடலாம் என்று இருப்பார், லோடு ஏற்றும் இடத்தில் வரிசை நகராது, சாப்பாடு பதினொன்றுக்குத் தள்ளிப்போகும். நடுவில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், கோபம் வரும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்பார்கள். ரத்த அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ புரோப்ரனலால் சாப்பிடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போய்விடும். வியர்வை மட்டும் மிஞ்சும். ஆகவே காரணமில்லாமல் வியர்த்தால் சந்தேகப்படுங்கள்.

பிரிட்டனில் ஓட்டுநர்களுக்கு வைத்திருக்கும் கணக்கு எளிமையானது, நாமும் பின்பற்றலாம். கிளம்புவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 72-க்குக் கீழே போனாலோ, அறிகுறி தெரிந்தாலோ உடனே ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஓட்டுநர் இருக்கையை விட்டு நகர்ந்து உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ரத்தம் தேறிய அதே நேரத்தில் மூளை தேறிவிடாது. குளுக்கோஸ் பொடியை டிக்கியில் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கல்லா முன்னால் கேட்க வேண்டியவை

மருந்து வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். இது தூக்கமோ தலைச்சுற்றலோ தருமா? எத்தனை மணி நேரம் உடம்பில் வேலை செய்யும்? நான் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்க, நீங்கள் சாப்பிடும் எல்லா அட்டையையும் ஒரு முறை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. தனித்தனியாகப் பெரிதாகத் தெரியாத இரண்டு மருந்து சேரும்போது ஆளைக் கவிழ்க்கும். அதோடு ஒரு கட்டிங் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்; மதுவும் தூக்கம் தரும் மருந்தும் ஒன்றையொன்று தூக்கிவிடும், மூச்சே தாழ்ந்து போகலாம்.

பிரான்சில் மருந்துப் பெட்டியின் மேலேயே முக்கோணத்துக்குள் கார் படம் போட்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் அச்சிடுகிறார்கள். சிவப்பு என்றால் ஓட்டாதே. நம் ஊர் அட்டைகளிலும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதல் மாத்திரையை எப்போது போடுவது

புது மருந்தின் முதல் மாத்திரையை வண்டி ஓட்டாத நாளுக்கு முந்தைய இரவு, வீட்டில் போடுங்கள். மறுநாள் எத்தனை மணிக்குத் தலை தெளிந்தது, நடக்கும்போது தள்ளாடியதா, செய்தித்தாள் படித்தால் வரி ஓடியதா என்று கவனியுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள், அவர்கள் பார்வை நம்முடையதைவிடச் சரியாக இருக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்த பிறகு, பழகிய சாலையில், பகலில், கொஞ்ச தூரம் எடுத்துப் பாருங்கள். அளவைக் கூட்டினாலும், கம்பெனி மாறினாலும், இன்னொரு மாத்திரை சேர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

சில மருந்துகளில் முதல் மாத்திரைதான் மோசம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் முதல் முறை போட்டதும் எழுந்து நின்றாலே மயக்கம் வரலாம். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரை தூக்கம் தருகிறது என்று லோடு போகும் நாளில் மட்டும் விட்டுவிடுகிறவர் உண்டு. மாத்திரையால் வரும் மந்தத்தைவிட, ஓடும் வண்டியில் வரும் வலிப்பு ஆயிரம் மடங்கு மோசம். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 1-இல் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்பது இதற்காகத்தான். அங்கே உண்மையை எழுதுங்கள். மருந்தா, வண்டியா என்று வந்தால் விட வேண்டியது அன்றைய நடையை. நேரத்தை மாற்றவோ மருந்தை மாற்றவோ மருத்துவரால் முடியும்.

சாலையில் இருக்கும்போது தெரிந்தால்

கொட்டாவிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். அப்படியானால் எதைப் பார்ப்பது? தினமும் கடக்கும் பலகையை இன்று பார்த்த ஞாபகம் இல்லையா? கடந்த ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறதா? வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறதா? கியர் ஒரு முறை தவறி விழுந்ததா? முன் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் திடுக்கிட்டீர்களா? இதில் ஒன்று நடந்தாலே போதும்.

அடுத்து பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்துக்குப் போங்கள்: சுங்கச்சாவடிக்கு அருகே உள்ள லாரி நிறுத்தம், பெட்ரோல் பங்க், டீக்கடை. நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நிறுத்திவிட்டுத் தூங்காதீர்கள், அது பின்னால் வருகிறவருக்கு எமன். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆள் மயங்கினால் 108. சாதாரண அலுப்பு என்றால் ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடினால் பலன் கிடைக்கும். மருந்தின் மந்தத்துக்கு அது போதாது. காபி மருந்தை வெளியேற்றாது. முகத்தில் தண்ணீர் அடிப்பது, ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத் தெம்பு. 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் சொக்கினால் வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடியிருக்கும்.

கஞ்சா, "முழிப்பு மருந்து"

கஞ்சா அடித்தால் நிதானமாக ஓட்டுவேன் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். நேரமும் தூரமும் குழம்புவதுதான் அதன் முதல் வேலை. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். பாங்கு போலச் சாப்பிட்டால் ஒரு மணி, இரண்டு மணி கழித்து, அதாவது வண்டி நடுவழியில் இருக்கும்போது ஏறி, நெடுநேரம் நிற்கும். வடக்கே லோடு போகும் பையன்களுக்குச் சில தாபாக்களில் முழித்திருக்க என்று கசகசாத் தோலைக் கொடுப்பார்கள், பூக்கி என்பார்கள். அது ஓபியச் செடியின் தோல். முதலில் அலுப்புத் தெரியாது, பிறகு அது இல்லாமல் உடம்பு எழாது. முழிப்புத் தரும் மற்ற மாத்திரைகளும் தூக்கக் கடனை அடைப்பதில்லை, தள்ளிப்போடுகின்றன. இறங்கும்போது மொத்தமாக இறங்கும். இதில் மாட்டிக்கொண்டவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். மாட்டிக்கொண்டதற்காக உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கும் எண் அல்ல அது, மீட்பு சிகிச்சைக்கு வழி சொல்லும் எண்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவு மதுவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று கணக்கு உண்டு. அதே பிரிவில், வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் தாக்கத்தில் இருப்பதும் குற்றம். அதற்கு எண் கணக்குக் கிடையாது. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை, 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு, போதைப்பொருள் சட்டத்தில் உள்ள மனமயக்கப் பொருள்களும் இதில் அடங்கும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். டயஜிபாம், அல்பிரசோலம், டிராமடால் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவை. டாக்டர் எழுதிக் கொடுத்தது என்பதை இந்தப் பிரிவு ஒரு விலக்காகச் சொல்லவில்லை. 186-ஆம் பிரிவு, உடல்நிலை சரியில்லாமல் ஓட்டுவதற்குத் தனியாக அபராதம் வைத்திருக்கிறது. வண்டிக் காப்பீட்டிலும், ஓட்டியவர் மதுவிலோ மருந்தின் பிடியிலோ இருந்திருந்தால் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனை உண்டு. பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள்.

முதலாளியிடம் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எனக்குத் தெரியும். மருந்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதலாம், லோடு தவறினால் அன்றைய படி போய்விடும் என்பவருக்கு அது சோறு போடாது. அதனால் சொல்கிறேன்: கிளம்பும் நேரத்தில் "முடியாது" என்று நிற்காமல், மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே சொல்லிவிடுங்கள். "மூணு நாளைக்கு ராத்திரி ஓட்ட முடியாதுங்க, பகல் நடை குடுங்க" என்று கேட்டால் பல உரிமையாளர்கள் மாற்றிக் கொடுக்கிறார்கள். வண்டியின் விலை அவர்களுக்கும் தெரியும். வாட்ஸப்பில் எழுத்தாகவும் அனுப்பி வையுங்கள். கூட இன்னொரு ஓட்டுநர் இருந்தால், "இந்த மருந்து போட்டிருக்கேன், நான் கேட்டாலும் பத்து மணிக்கு மேல ஸ்டியரிங் குடுக்காதே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

போன கார்த்திகையில் ஓர் அண்ணன் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தார். நெடுநாள் வாடிக்கை.

"தம்பி, தூக்க மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடுங்க. ரெண்டு நாளா கண்ணே மூடல. மூணு மணிக்கு எழுந்து பாலக்காட்டுக்கு முட்டை லோடு எடுக்கோணும். அதுவரைக்கும் நல்லாத் தூங்கிக்கறேனுங்க."

"சீட்டு இல்லாம அது குடுக்க மாட்டோம்ங்கண்ணா. சீட்டு இருந்தாலும் இன்னிக்குக் குடுக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"அந்த மாத்திரைக்கு ஏழு எட்டு மணி நேரம் படுக்கோணும். நீங்க அஞ்சு மணி நேரத்துல எழுந்துக்குவீங்க, மாத்திரை எழுந்துக்காது. வாளையாறு தாண்டறதுக்குள்ள அது உங்களை மறுபடி தூங்க வெக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கடை வாசலில் இருந்தபடியே உரிமையாளருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் சத்தம் கேட்டது, என்னவென்று புரியவில்லை. "ஆறு மணிக்கு எடுக்கறேனுங்க, மாத்திரை எதுவும் போடல, தூங்கிட்டு எடுக்கறேன்" என்று மூன்று முறை சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சரின்னுட்டாருங்க" என்றார். நாக்கில் போட இரண்டு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். கடையை அடைக்கும்போது பார்த்தேன், கேபினில் விளக்கு அணைந்திருந்தது.